பெரியம்மாவின் கையும் எருமையில் போன கிழவரும்

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. பெரியம்மாவுக்கும் கொட்டாஞ்சேனைச் சீன வைத்தியருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் வேலை. சம்பளம், திரும்பி வரும் வழியில் ஓர் ஐஸ் பழம்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. சண்டை முடிந்து, பாதை திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வரும்போதே அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. சோறு தின்னலாம், சட்டி கழுவலாம்; தலைமுடியைக் கட்ட முடியாது. அதனால் காலையில் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வெளிக்கிடும் அவசரத்தில் பெரியம்மாவுக்குத் தலை வாரிவிடுவார். “உனக்குச் சின்னனிலயும் உச்சி பிரிக்கத் தெரியாது, இப்பவும் தெரியாது” என்று பெரியம்மா ஏசுவார். அம்மா சீப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுப்பார்.

பெரியப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ‘அவர் போன நேரம்’, ‘அவர் வந்தாப் பிறகு’ என்று பெரியவர்கள் கதைத்துக்கொள்வதைக் கேட்டு நானாகவே எடுத்த முடிவு. என் வகுப்பில் பாதிப் பேருடைய மாமாமார் கனடாவிலும் சுவிஸிலும் இருந்தார்கள். எங்களுக்கும் ஒருவர் இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குளிசை தந்தார்கள். குளிசை வயிற்றை எரித்ததே தவிர கை அசையவில்லை. அப்போதுதான் அப்பாவுடன் வேலை செய்யும் ஒருவர் கொட்டாஞ்சேனைச் சீன டொக்டரைப் பற்றிச் சொன்னார். எஞ்சினியரான அப்பாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. “குளிசை சொல்லிக் கேக்காத கை, ஊசி சொல்லிக் கேக்குமோ?” என்றார். ஆனாலும் சனிக்கிழமை காலையில் காரை எடுத்தவரும் அவர்தான்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் டியூஷன் வகுப்பு. அப்பா நன்றாகச் சிங்களம் கதைப்பார்தான், ஆனால் தோளைத் திறந்து வைத்தியம் பார்க்கும் அறைக்குள் தங்கையின் புருஷன் வந்து நிற்க முடியுமா? ஆகவே அப்பா காரை மரநிழலில் விட்டுப் பேப்பர் வாசிக்க, கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே சிங்களம் படித்த நான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு படியேறினேன்.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். அவருடைய பாட்டனார் சைக்கிளில் பட்டுத்துணி விற்க வந்தவராம், தகப்பனார் பல்லுக் கட்டுகிறவராம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே கொட்டாஞ்சேனையில். வைத்தியம் படிக்க மட்டும் சீனாவுக்குப் போய் வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘வாங்க’, ‘இருங்க’, ‘வலிக்குதா’ என்ற மூன்று சொற்கள்.

“இந்தியப் படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா” என்று பெரியம்மா என் காதுக்குள் சொன்னார்.

கதிரையில் இருந்த பிறகுதான் அவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய படம். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் எருமையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பெரியம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்தார்.

“பிள்ளை, எழும்பு. போவம்.”

“ஏன் பெரியம்மா?”

“வருத்தக்காரர் வாற இடத்தில எமனைக் கொண்டுவந்து மாட்டி வச்சிருக்கிறா. இவ சுகமாக்கிற டொக்டரோ, அனுப்பி வைக்கிற டொக்டரோ?”

என் உத்தியோகத்தின் முதல் மொழிபெயர்ப்பு இதுதான். நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். டொக்டர் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த ஊசித்தட்டு ஆடியது. அவர் எமன் இல்லை, சீனாவின் மிகப் பழைய ஞானி, தங்கள் வைத்தியத்துக்கே வேரான ஆள் என்றார். நாட்டில் நடப்பவற்றைப் பார்த்து மனம் சலித்து, எருமையில் ஏறி மேற்கே போனாராம். எல்லைக் காவல்காரன் மறித்து, ‘போகிறதென்றால் உங்களுக்குத் தெரிந்ததை எழுதித் தந்துவிட்டுப் போங்கள்’ என்று கேட்டானாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

“சென்றியில மறிச்சவங்களோ?” என்று கேட்டார் பெரியம்மா. ஊரில் ஆமிக் காவலரணுக்குச் சென்றி என்றுதான் பெயர். கிழவர் மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. திரும்பவும் சாய்ந்து உட்கார்ந்தார்.

டொக்டர் மூன்று விரல்களை அவருடைய மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார். நாடி பார்ப்பது தெரிந்ததும் பெரியம்மாவின் முகம் இன்னும் தெளிந்தது. “எங்கட பரியாரியாரும் இப்பிடித்தான் பிடிக்கிறவர்.” சூடான சாப்பாடு, குளிரான சாப்பாடு என்று டொக்டர் பிரித்துச் சொன்னபோது, ‘இதைத்தானே நான் உன்ர கொம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறன்’ என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து, அதன் பிறகு நித்திரை வராமல் கிடக்கிறாரா?

பெரியம்மா என்னை முறைத்தார். “நீ சொன்னனியோ?”

“சத்தியமா இல்லை.”

“அப்ப எப்பிடித் தெரியும்?”

அதையும் மொழிபெயர்த்தேன். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நேரம் உண்டு, விடியப்புறம் சுவாசப்பையின் நேரம் என்றார் டொக்டர். கவலை தங்குவது அங்கேதானாம். அங்கிருந்து ஒரு ‘பார’ புறப்பட்டுத் தோளால் இறங்கிப் பெருவிரல் வரைக்கும் வருகிறது. அது எங்கோ அடைபட்டுக் கிடக்கிறது.

பார என்றால் சிங்களத்தில் வீதி. நான் ‘ரோட்டு’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அடைபடுவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் ஒன்றே ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் அந்த நெடுஞ்சாலை. அதற்குப் பெயர் பாதை.

“உங்கட நெஞ்சில இருந்து கைக்கு ஒரு பாதை போகுதாம், பெரியம்மா. அது பூட்டிக் கிடக்காம்.”

பெரியம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஆர் பூட்டினதாம்?” என்று கேட்டார்.

யாரும் பூட்டவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் தானாகவே அடைத்துக்கொள்ளும் என்றார் டொக்டர். அதைப் பலவந்தமாகத் திறக்கவும் கூடாது. தண்ணீர் எப்படியும் தன் வழியைக் கண்டுபிடித்துவிடும். வைத்தியர் செய்ய வேண்டியது குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். படத்துக் கிழவர் சொன்னதும் அதைத்தான் என்றார். அன்று காரில் இதைச் சொன்னபோது, “சும்மா இருக்கிறதைப் படிக்கவோ அவ்வளவு தூரம் சீனாவுக்குப் போனவ?” என்று கேட்டார் அப்பா.

சும்மா இருப்பதற்கு முன் டொக்டர் சில வேலைகளும் செய்தார். பெரியம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, மயிரிழை போன்ற ஊசிகளைத் தோளிலும் பெருவிரலுக்குக் கீழேயும் ஏற்றினார். பிறகு தடித்த சுருட்டைப் போன்ற ஒன்றைப் பற்ற வைத்தார். “பொம்பிளை டொக்டர் சுருட்டும் பத்துவாவோ!” என்று பெரியம்மா வாய் பிளந்தார். டொக்டர் அதை வாயில் வைக்கவில்லை, கணகணவென்று எரியும் நுனியைத் தோளுக்கு அருகே பிடித்தார். உள்ளே மூலிகைத் தூளாம். அறை முழுவதும் காய்ந்த புல் எரிகிற மணம். பெரியம்மாவின் தோள் மெல்லச் சிவந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து நான் எருமையின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை.”

“ஓம் பெரியம்மா.”

“பாதையால போன ஆள் திரும்பி வந்தவரோ எண்டு ஒருக்காக் கேள்.”

நான் படத்தைக் காட்டி, அந்தச் சீயா, அதாவது தாத்தா, திரும்பி வந்தாரா என்று சிங்களத்தில் கேட்டேன். டொக்டர் சுருட்டின் சாம்பலைத் தட்டியபடி, இல்லை, அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை என்றார்.

“வரேல்லையாம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லையாம்.”

மூடிய கண்களிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. சத்தம் இல்லை. டொக்டர் பதறி, தனக்குத் தெரிந்த தமிழில் “வலிக்குதா? வலிக்குதா?” என்று கேட்டார். பெரியம்மா தலையசைத்த விதத்தில் ஓம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. யார் போனது என்று கேட்கச் சொன்னார் டொக்டர். கேட்டேன்.

“இவர் எண்டு சொல்லு” என்றார் பெரியம்மா.

இவர் என்றால் எவர்? அறையில் ஆண் என்று இருந்தது படத்துக் கிழவர் ஒருவர்தான். நான் மறுபடியும் படத்தைக் காட்டி “இவர்” என்றேன். ஆனால் டொக்டர் என் விரலைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் இடது கையைப் பார்த்தார். அது கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைப் பிடித்திருந்தது. டொக்டர் சுருட்டை அணைத்தார்.

“எத்தி துவ, எத்தி” என்றார். போதும் மகள், போதும் என்று அர்த்தம். ஊசிகளை எடுத்த பிறகும் நெடுநேரம் அவர் பெரியம்மாவின் மணிக்கட்டை விடவில்லை. இரண்டாம் முறையும் நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பெரியப்பா லொறி ஓட்டியவர் என்பதும், பாதை பூட்டிய கிழமையில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டவர் என்பதும், அந்த லொறியை எங்கேயும் கண்டவர்கள் இல்லை என்பதும் நான் பெரிய வகுப்புக்கு வந்த பிறகே அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவை. அன்று, ஊசி குத்தி அழுத பெரியம்மாவுக்கு ஆறுதலாக என் ஐஸ் பழத்தில் முதல் கடியை அவருக்குக் கொடுத்தேன். அவரும் மறுக்காமல் கடித்தார், ஒரு பெரிய கடி.

பெரியம்மா இனி டொக்டரிடம் வரமாட்டார் என்று அப்பா எதிர்பார்த்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்பே வெளிக்கிட்டு வாசலில் நின்றவர் பெரியம்மாதான். டொக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் விடவில்லை. விடியற்காலையில் தண்டவாளத்தைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய், சோட்டி என்கிற வீட்டுக் கவுணுக்கு மேலே ஒரு துவாயைப் போர்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் கை விடுவது போல மெல்ல மெல்லக் கையை அசைப்பார். நடக்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். “என்ன பாக்கினம்? நான் சும்மா நிக்கிறன்” என்பார் என்னிடம். எனக்கு வெட்கமாக இருக்கும், அவருக்கு இல்லை.

ஒரு காலையில் அம்மா சீப்போடு வந்தபோது பெரியம்மாவின் தலை ஏற்கெனவே கொண்டையாகியிருந்தது. கொண்டை கோணல்தான். அம்மா சீப்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, குசினிக்குள் போய் முகத்தைக் கழுவினார். அப்பா மட்டும், “வெய்யிலுக்கு நரம்பு இளகியிருக்கும்” என்றார்.

கை சுகமான பிறகும் சனிக்கிழமைப் பயணம் நிற்கவில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனைப் படிகளின் உச்சியில் பெரியம்மா என்னைப் பார்த்து, “நீ இஞ்சை இரு பிள்ளை, நான் போட்டு வாறன்” என்றார். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன். உள்ளே ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்குச் சிங்களம் தெரியாது. எந்த நிமிடமும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு பேச்சும் இல்லை, மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்துப் பெரியம்மா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியது போலத் தெளிவாக இருந்தது. பின்னால் வந்த டொக்டரின் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். “என்ன கதைச்சனீங்கள்?”

“ஒண்டும் கதைக்கேல்லை.”

“இவ்வளவு நேரமுமோ?”

“ஓம்.”

எனக்கு நம்ப முடியவில்லை. இரண்டு பெரிய மனுசிகள் ஒரு சொல்லும் இல்லாமல் இவ்வளவு நேரம் ஓர் அறைக்குள் இருந்து என்ன செய்ய முடியும்? டொக்டர் களவாகத் தமிழ் படித்துவிட்டார், அதைப் பெரியம்மாவும் சேர்ந்து என்னிடமிருந்து மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். என் உத்தியோகம் போய்விட்டதே என்ற கோபத்தில் வெள்ளவத்தை வரைக்கும் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.