பிஸ்கட் டப்பா மூடியில் ஒரு கலங்கரை விளக்கம்

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது என்னோடு இரண்டு தகரப் பெட்டிகள் வந்தன. ஒன்றில் சேலைகள். மற்றதை என் மாமியார் திறந்து பார்த்தார், சட்டென்று மூடினார், நம்பிக்கையில்லாமல் மறுபடியும் திறந்தார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள், டார்ச் பல்புகள், செத்துப்போன கடிகாரங்களின் பல்சக்கரங்கள், ஈயம் பற்றவைக்கிற இரும்பு, ஒரு கிராமபோனின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம்.

“ஏளா, இதுல எது சீதனம், எது ஒங்க அப்பா கடையில விலைபோகாத சாமான்?” என்று கேட்டார்.

என் அப்பா கொழும்பில் டார்ச், ரேடியோ, கிராமபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கடையின் மாடியில். மற்றப் பெண்பிள்ளைகள் பொம்மைக்குப் பாவாடை தைத்த வயதில் நான் பொம்மை வீட்டுக்கு லைட் போட்டேன். தீப்பெட்டியளவு ரேடியோ ஒன்று செய்தேன். அது பாடாது. ஆனால் குமிழைத் திருகினால் அதன் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் வரும், பார்த்தவர்கள் எல்லோரும் காதை அதன் பக்கத்தில் கொண்டுபோவார்கள். அந்த ஒரு நொடிக்காக நான் எத்தனை விரலை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்வேன்.

இரண்டாம் உலக யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்கள் துறைமுகத்துப் பக்கம் குவியல் குவியலாக ஏலம் போயின. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், மல்லிகைப்பூ வாங்கி வருவார் என்று நான் காத்திருந்த சாயங்காலங்களில் பட்டாளத்து பேட்டரி வாங்கி வந்தார். நல்ல மனுஷர். பூவை விட எனக்கு அதுதான் பிடித்தது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. “எல்லாரு வீட்டுலயும் அந்தி நேரம் சாம்பிராணி போடுதாக. எம் மருமக ஈயம் போடுதா” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொல்வார். நானும் பதிலுக்கு அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். எனக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம்.

மாமனார் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்கிற தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போவார், வருவார். கரையில் இருக்கும் நாட்களில் மருமகளிடம் நேராகப் பேசுவது அவர் வழக்கமில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதைக் கதவு நிலையிடம் சொல்வார். “கொஞ்சம் தண்ணி கெடைச்சா நல்லாருக்கும்” என்று நிலையைப் பார்த்து அவர் சொல்ல, நான் தண்ணீரைக் கொண்டுவந்து நிலையருகே வைக்க, இப்படியே எங்கள் உறவு சுமுகமாக நடந்துகொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் வினை வந்தது. ஈயம் பற்றவைத்த சூட்டோடிருந்த இரும்பை நான் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். அங்கே மாமியார் மாதா கோயில் பீடத்துக்கென்று பூவேலை செய்த வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துணியின் நடுவில், சிறகு விரித்த சம்மனசின் முகம் இருந்த இடத்தில், விரல் நுழைகிற ஓட்டை.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அவர் என் தகரப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டுபோய் வாசல் ஓரத்தில் வைத்தார். “பழைய இரும்புக்காரன் வரட்டும்” என்றார். அவ்வளவுதான். இந்த ஊரில் எனக்கென்று இருந்ததே அந்தப் பெட்டி ஒன்றுதான்.

என்னைக் காப்பாற்றியவர் உபதேசியார். எங்கள் தெருக் கோயிலில் செபம் சொல்லிக் கொடுப்பவர். கிறிஸ்மஸுக்கு ஒவ்வொரு வருஷமும் நாடகம் போடுபவரும் அவரே. அந்த வருஷக் கதை, புயலில் சிக்கிய ஒரு வியாபாரி நேர்ச்சை செய்துகொண்டு ஊர் திரும்புவது. வியாபாரியாக நடித்தது என் வீட்டுக்காரர். “கடைசியில தூரத்துல நம்ம ஊரு கலங்கரை வெளக்கு தெரியணும். நெசமா அணைஞ்சு அணைஞ்சு எரியணும். ஒங்க மருமகளால முடியும்ங்காக” என்று உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். கோயில் காரியம். மாமியாரால் மறுக்க முடியவில்லை.

“செய்யட்டும்” என்றார். “நல்லபடியா நடந்தா பெட்டி உள்ள வரும். நாலு பேரு சிரிச்சாகன்னா இரும்புக்காரன்தான்.”

அடுத்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலைகால் புரிவதில்லை. பனையோலைப் பெட்டி முடைகிற ஒருத்தியிடம் இடுப்புயரத்துக்கு ஒரு கூம்பு முடையச் சொன்னேன். அதன்மேல் சாக்குத் துணி சுற்றி, சங்குச் சுண்ணாம்பு பூசியதும், பால் மாதிரி வெள்ளைக் கோபுரம் நின்றது. உச்சியில் விளக்கறைக்கு ஒரு மைப்புட்டியைக் கவிழ்த்தேன். அதற்குள் டார்ச் பல்பு, அடியில் பட்டாளத்து பேட்டரி.

எரிந்து அணைவதுதான் பெரிய வேலை. பெட்டியிலிருந்த, சாவி கொடுத்தால் ஓடும் கிராமபோன் மோட்டாரிலிருந்து நூலை ஓட்டி, ஒரு பிஸ்கட் டப்பா மூடியை மெதுவாகச் சுற்றவைத்தேன். மூடியின் விளிம்பை ஒரு செம்புத் தகடு உரசிக்கொண்டிருக்கும். வெறும் தகரம் உரசினால் பல்பு எரியும். மெழுகுக் காகிதம் ஒட்டின இடம் வந்தால் அணையும். எங்கே காகிதம், எங்கே தகரம் என்பதில்தான் விளக்கின் கண்சிமிட்டல் இருக்கிறது. நான் அதற்கு யோசிக்கவே இல்லை. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு வெட்டி ஒட்டினேன். சாவி கொடுத்தேன். சட், சட் என்று அடுத்தடுத்து இரண்டு சிமிட்டல், பிறகு நீண்ட இருட்டு, மறுபடி சட், சட். தனியாக அடுப்படியில் நின்று கைதட்டிக் குதித்தேன். கலங்கரை விளக்கம் என்றால் இதுதான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மிச்சமிருந்த உற்சாகத்தில் முழம் நீளத்துக்கு ஒரு தோணியும் செய்தேன். பாய், கயிறு, இடப்பக்கம் சிவப்பு பல்பு, வலப்பக்கம் பச்சை. தண்டல் வீட்டில் இருந்துகொண்டு அதைத் தப்பாகச் செய்யலாமா? கடலுக்கு மாமியாரின் நீலப் பட்டுச்சேலையை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். எப்படி வாங்கினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கிறிஸ்மஸுக்குத் தோணிகளெல்லாம் கரைக்கு வந்துவிடும். நாடகத்தன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கே தெரு நிறைந்துவிட்டது. முன்வரிசைப் பாயில் தண்டல்மார், வெற்றிலைப் பெட்டிகளோடு. நடுவில் என் மாமனார். பெண்கள் பக்கத்தில் மாமியார், நேராக நிமிர்ந்து. நான் மேடைக்குப் பின்னால், கோபுரத்தின் அடியில், மோட்டார்ச் சாவியைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன்.

புயல் பிரமாதமாக அடித்தது. தகரத்தை உலுக்கி இடி. பட்டுச்சேலைக் கடல் பொங்கியது. என் தோணி சிவப்பும் பச்சையுமாக ஆடிக்கொண்டு வந்தபோது முன்வரிசையில் யாரோ, “ஏலே, வெளக்கெல்லாம் சரியா வச்சிருக்கு பாரு” என்றார். எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. புயல் ஓய்ந்தது. என் வீட்டுக்காரர் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்தார். நான் சாவியை விட்டேன்.

சட், சட். இருட்டு. சட், சட்.

தெருவே ஆவென்றது. என் வீட்டுக்காரர் முழங்காலில் விழுந்து, “என்னைப் பெற்ற ஊரே! என் தாய் மண்ணே!” என்று பாட ஆரம்பித்தார்.

முன்வரிசையில் முனகல் கேட்டது. தண்டல்மார் எல்லோரும் ஒரே சமயத்தில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் விளக்கைக் கண்டதும், அது எந்த ஊர் விளக்கு என்று அறிய, இருட்டின் நீளத்தைச் செபம் சொல்லி அளப்பது அவர்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. நாடகம் என்றாலும் வாய் சும்மா இருக்காது. அளந்து முடித்த ஒருவர் எழுந்தே விட்டார்.

“ஏலே, அது கொழும்பு வெளக்குலே!”

“ஆமாலே, கொழும்புதான்!”

“தாய் மண்ணுன்னு அங்கன போயி விழுதான் பாரு! திருப்புலே தோணிய!”

என் வீட்டுக்காரர் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், “அவன் மாமியா வீட்டுக்குப் போறாம்லா, பாடட்டும் விடுங்க” என்றதும் தெரு உருண்டு புரண்டு சிரித்தது. உபதேசியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாய்க்குள் முனகியது என்ன என்று. கொழும்பில் எங்கள் மாடி ஜன்னலுக்கு வெளியே அந்த விளக்குத் தெரியும். தூக்கம் வருகிறவரை அது என் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் சட், சட் என்று வந்துபோகும். இங்கே வந்த பிறகு நான் பொழுது சாய்ந்து கடற்கரைக்குப் போனதே இல்லை. இந்த ஊர் விளக்கு எப்படிச் சிமிட்டும் என்று எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. என் கைக்குத் தெரிந்த விளக்கு ஒன்றுதான். அதை நினைத்ததும் அழுகை முட்டியது. வெளியே அவ்வளவு சிரிப்பு, எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல் எடுத்தது. வாசல் ஓரத்துப் பெட்டி கண்முன் வந்து நின்றது.

படுதாவைத் தூக்கிக்கொண்டு மாமனார் உள்ளே வந்தார். பக்கத்தில் கதவு நிலை எதுவும் இல்லை. என்னைப் பார்த்தே பேசினார்.

“ஏளா, இதக் கையால அணைச்சு அணைச்சு எரிக்க முடியுமா?”

நான் மோட்டாரை நிறுத்தி, கம்பியின் இரண்டு முனையையும் பிரித்து நீட்டினேன். “இது ரெண்டும் தொட்டா எரியும், மாமா.”

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு மண்டியிட்டார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கையில் அந்த மெல்லிய கம்பி முனைகள். ஒரு தொடல். வெளிச்சம். பிறகு கண்ணை மூடி மங்கள வார்த்தை செபத்தைப் பாதிவரை சொன்னார். மறுபடி ஒரு தொடல். ஒற்றைச் சிமிட்டல், நிதானமான இருட்டு, ஒற்றைச் சிமிட்டல்.

வெளியே சிரிப்பு மெல்ல அடங்கியது. “ம்… இது நம்ம வெளக்கு” என்றது ஒரு குரல். அப்புறம் முன்வரிசை முழுக்க அவரோடு சேர்ந்து அளக்க ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் பாட்டை முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை கிழட்டுத் தண்டல்மார் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். நாடகம் முடிந்து படுதா விழுந்த பிறகும் மாமனார் கம்பியை விடவில்லை. நான்தான் வாங்கிவைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது மாமியார் சொன்னதுதான் நினைவில் ஓடியது. சிரித்தார்கள்தானே? நாலு பேர் இல்லை, தெருவே சிரித்தது. மாமியார் எங்களுக்கு முன்பே வந்து, வாசலில் என் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அந்த மொத வெளக்கு” என்றார். “அது நெசமாவே கொழும்பு வெளக்கு மாதிரிதானா?”

“அச்சு அசல்” என்றார் மாமனார், முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே. “ஒரு நிமிசம் எனக்கே நங்கூரம் போடணும்னு தோணிச்சு.”

மாமியார் என் பக்கம் திரும்பினார். “தாலி கெட்டுன நாள்லேருந்து இவுக அங்கன போறாக, வாராக. ராத்திரி அங்க போயிச் சேந்தா மொதல்ல எதப் பாப்பீகன்னு கேட்டா, வெளக்கப் பாப்போம்பாக. எப்பிடி இருக்கும்னு கேட்டா, வெளக்கு மாதிரிதான் இருக்கும்பாக. இன்னைக்குத்தான் பாத்தேன். அதுக்குள்ள எந்திரிச்சுக் கத்திட்டானுவ, பாவிப் பயலுவ.” என் வீட்டுக்காரர் தூக்கிவந்த கோபுரத்தின் பக்கம் கையை நீட்டினார். “இன்னொரு தடவ காட்டு.”

அடுப்படியில் கோபுரத்தை நிறுத்திச் சாவி கொடுத்தேன். மாமியார் மணையைப் போட்டு உட்கார்ந்து, மோட்டார் ஓய்கிறவரை பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் எழுந்துபோய், பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டுவந்து, மாதா படத்துக்குக் கீழே வைத்தார். “இரும்ப மட்டும் ஜன்னல்ல வைக்காத” என்றார்.

மறுநாள் நான் மூடியிலிருந்த காகிதத்தைப் பிய்த்து, ஊர் விளக்குக்கு ஏற்றபடி மாற்றி ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார்.

புது வருஷம் பிறந்து மாமனாரின் தோணி பாய் விரித்தது. காற்று எப்படி, இப்போது எங்கே இருப்பார் என்று இரண்டொரு நாள் மாமியார் தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் செபமாலை முடிந்தது. செபமாலையைச் சுற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஏளா, இந்நேரம் போயிச் சேந்திருப்பாக” என்றார். “கொழும்புக்குச் சாவி குடு.”