நின்று திரும்பியவர்கள்

நகராட்சி அலுவலகத்தில் அவளை எல்லாரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாலை ஓரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எண்ணிக் கோடு போடுவது அவள் வேலை. நான்கு கோடுகளை நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாள். பேருந்து எங்கே நிற்க வேண்டும், விளக்குக் கம்பம் எங்கே நட வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்தக் கோடுகள்தான் மேலிடத்து மேசைக்குப் போகும். பதினாறு வருடமாக ஒப்பந்த வேலை. ஆண்டுக்கொரு தடவை பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு உண்டு.

சேர்ந்த புதிதில் ஒரு மழை நாளில், டீக்கடையில் உட்கார்ந்தபடியே வாய்க்கு வந்த எண்களை எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை நம்பி ஒரு நிழற்குடை கட்டினார்கள். இன்றுவரை அதில் நாய்கள்தான் படுத்திருக்கின்றன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அதற்குப் பிறகு ஒரு கோடு கூட்டியும் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை.

அந்தக் கண்டிப்புக்குச் சோதனை அவள் வீட்டு வாசலிலேயே வந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவள் குடியிருந்த பேட்டையை இரண்டாகப் பிளந்துகொண்டு நான்குவழிச் சாலை போட்டார்கள். சுகாதார நிலையம், நூலகம், பூங்கா, கோட்டக்காவின் வீடு எல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அடுக்குமாடிகள். அதில் ஒன்றில் அவளுடைய அக்கா இருந்தாள். ஒருத்தி துணி காயப்போடுவது இன்னொருத்தியின் ஜன்னலில் தெரியும். ஆனாலும் முட்டி தேய்ந்த அக்கா தங்கை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆயிற்று. ஆட்டோ பிடித்து, தூரத்துப் பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

குடியிருப்பவர்கள் சிக்னல் வைத்துத் தரச்சொல்லி மனு கொடுத்தார்கள். விதிப்படி, காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குள் இருநூறு பேராவது சாலையைக் கடக்க வேண்டும். மூன்று நாள் எண்ணி, சராசரி பார்க்க வேண்டும். எண்ணப் போனது கோட்டக்கா.

செவ்வாய்க்கிழமை நூற்று இருபத்தெட்டு. சாயங்காலமே அக்காவின் போன் வந்தது.

"அடியே, இருநூத்திப் பத்துன்னு எழுதிட்டு எந்திரிச்சு வாயேன். உன் கோட்ட யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறாங்க?"

"அதெல்லாம் முடியாதுக்கா."

"ஊருக்கெல்லாம் நல்லவளா இரு. கூடப் பொறந்தவ ஜன்னல்லயே கெடக்கட்டும்."

புதன்கிழமை காலை, எதிர்ப்பக்கத்தில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். சுகாதார நிலையத்துக்கு வருகிறவர் என்பது கையிலிருந்த தடுப்பூசி அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று தடவை சாலையில் காலை வைத்தார், மூன்று தடவையும் பின்வாங்கினார். ஒன்பது நிமிடம் நின்றுவிட்டு வீட்டைப் பார்க்கத் திரும்பிப் போனார்.

கோட்டக்காவின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தாள். மேலே 'நின்று திரும்பியவர்கள்' என்று எழுதினாள். எட்டு மணிக்குள் கடந்தவர்கள் நூற்று முப்பத்தொன்று. நின்று திரும்பியவர்கள் தொண்ணூற்று நான்கு.

பொறியாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னம்மா புதுக் கட்டம்?"

"ரோட்டுக்குப் பயந்து திரும்பிப் போனவங்க சார்."

"தாண்டுனவங்களத்தான் எண்ணச் சொன்னேன். தாண்டாதவங்கள எண்ண ஆரம்பிச்சா ஊரையே எண்ணணும். அழிச்சுடுங்க. அடுத்த மாசம் கையெழுத்துக்கு என்கிட்டதான் வரணும், ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வெல்டர். "வேல போனா போகட்டும்னு சொல்ல எனக்கும் ஆசதான்," என்றார். "ஆனா பட்டறையில இப்ப வாரத்துக்கு மூணு நாள்தான் வேல இருக்கு."

வியாழக்கிழமை ஏழே கால் மணிக்கு எதிர்ப்பக்கம் ஒரு கும்பல் சேர்ந்தது. அடுக்குமாடிப் பெண்கள் பதினைந்து பேர், முன்னால் அக்கா. என்ன திட்டம் என்று பார்த்த மாத்திரத்தில் கோட்டக்காவுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் வருவார்கள், திரும்பிப் போவார்கள், மறுபடி வருவார்கள். எண்ணிக்கை ஏறும். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

"என்னையும் ஒரு கோடாப் போட்டுக்கோடி!" என்று கத்திக்கொண்டே அக்கா இறங்கிவிட்டாள்.

மற்றவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார்கள். அக்கா பின்தங்கினாள். சாலைக்கு நடுவில் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு கையால் காலைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றாள். சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது.

தாள் செருகிய எழுது அட்டையை எறிந்தது கோட்டக்காவுக்கு நினைவில்லை. வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டையோடு லாரிக்கு எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள். பிரேக் கிறீச்சிட்டது, ரப்பர் தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. வண்டி நின்றபோது இடையில் இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

"சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று ஓட்டுநர் கீழே குதித்தார்.

அக்காவை இடுப்போடு அணைத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். மூச்சு திரும்பியதும் அக்கா கேட்டது, "பதினாறு பேரு. போட்டியா?"

"போடலக்கா. இவங்க எங்கயும் போறதுக்கு வரல. எண்ணிக்கைக்காக வந்தவங்க."

"உயிரக் கையில புடிச்சுக்கிட்டு வந்தவள எண்ண மாட்டியா நீ?"

அவ்வழியே வந்த ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அக்கா ஏறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டக்கா சக்கரத்தடம் பதிந்த தாளை எடுத்துத் தட்டினாள். கடந்தவர்கள் நூற்றுப் பத்தொன்பது, திரும்பியவர்கள் நூற்று மூன்று என்று முடித்தாள். அடியில், 'ஆறு நிமிடம் எண்ணவில்லை' என்றும் எழுதினாள். ஓரத்துக் கட்டத்தை அழிக்கவில்லை.

மறுநாள் நகராட்சி மன்றக் கூட்டம். பொறியாளர் எழுந்து, சராசரி நூற்று இருபத்தாறு, விதிக்குக் குறைவு, மனுவைத் தள்ளலாம் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார். மன்றத் தலைவி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல இந்தக் கட்டம் என்ன?"

"அது விதியில கெடையாதுங்க," என்றார் பொறியாளர்.

"எழுதுனது யாரு?"

பின்சுவரோரம் நின்றிருந்த கோட்டக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தாங்க."

"சொல்லுங்க."

"நூத்தி இருவத்தாறு பேருங்கறது நெசம்ங்க. ஆனா ஆள் கம்மியா இருக்கறது இந்தப் பக்கம் வேல இல்லாம இல்ல, பயத்துனால. பயந்து திரும்பறவங்கள விட்டுட்டு எண்ணுனா, ரோடு எவ்வளவு மோசமோ அவ்வளவு கம்மியாத்தான் கணக்கு வரும். அப்புறம் ஆளே இல்ல, வழி எதுக்குன்னு நாமளே எழுதுவோம்."

முன்வரிசை உறுப்பினர் ஒருவர் திரும்பினார். "உங்க அக்கா அந்தப் பக்கம்தானே குடியிருக்காங்க? சொந்தத்துக்காகப் போட்ட கட்டமா?"

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பொறியாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, அங்கதான் இருக்காங்க. நேத்து அவங்களும் இன்னும் பதினஞ்சு பேரும் கணக்க ஏத்தணும்னே வந்தாங்க. நான் எண்ணல. அதனால நேத்துலேர்ந்து எங்கக்கா எங்கிட்டப் பேசல."

தலைவி கோப்பை மூடினார். "திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு நாமளே போய்த் தாண்டிப் பாத்துடுவோம்."

ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் வந்தார்கள். கேள்வி கேட்டவர் விளிம்பில் நின்றார். காலை வைத்தார், எடுத்தார். நாலு லாரிகள் போன பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்வாங்கினார். கோட்டக்காவின் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, என்னையும் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேங்க."

மூன்று மாதம் சோதனைக்கு என்று சாலையைக் குறுக்கி, நடுவில் திட்டுக் கட்டி, பொத்தானை அழுத்தினால் சிவப்பு விழுகிற சிக்னல் வைத்தார்கள். லாரிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். தடுப்புகளை யாரோ ஒருநாள் இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள், மறுநாள் திரும்ப வைத்தார்கள். மூன்றாம் மாதக் கடைசியில் எண்ணியபோது ஒரு மணி நேரத்தில் முந்நூற்று எண்பத்தேழு பேர். சிக்னல் நிலைத்துவிட்டது. பூங்காவில் அடுக்குமாடிப் பெண்கள் நடக்க வந்தார்கள். நூலகத்தில் கூடுதலாக ஆறு நாற்காலிகள் கேட்டு எழுதினார்கள். அடுத்த தடவை அச்சடித்து வந்த படிவத்தில் அந்தப் புதுக் கட்டமும் இருந்தது. பொறியாளர், கூட்டம் முடிந்த அடுத்த மாதமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனால் ஒரு வருடத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு.

அக்கா நாலு மாதம் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், வியர்வையோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரோட்ட நம்பி வந்தேன். உன்ன நம்பி இல்ல."

"சரிக்கா. உள்ள வா, கால நீட்டி உக்காரு."

அக்கா உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற வரை எழுந்து போகவில்லை.