நாற்பது பேர் காசில் நனைந்த பெட்டி

அன்று எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் நான், என் மனைவி செல்வி, காண்ட்ராக்டர் சேகர் அண்ணன் மூவரும் இருந்தோம். எட்டாவதோடு படிப்பை விட்ட சுமைக்காரன் நான். என் கப்பல் அனுபவங்களைப் புத்தகமாக்க, அண்ணன் உட்பட நாற்பது பேர் தலைக்கு இருநூறு ரூபாய் ஆன்லைனில் போட்டிருந்தார்கள். சரியாக நாற்பது பிரதிகள்தான் அச்சிட்டேன்.

சென்னையிலிருந்து வந்த பெட்டியின் அடி நனைந்திருந்தது. ஊரார் சரக்குக்கெல்லாம் தார்ப்பாய் போடுகிறவன், என் பெட்டிக்கு பிளாஸ்டிக் சுற்றச் சொல்லவில்லை.

"கோலோ பாய், சீக்கிரம் திற. எங்க காசு உள்ள இருக்கு," என்றார் அண்ணன். நான் நனைந்த அடியையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயந்தா காஞ்சிடுமா? தள்ளுங்க," என்று செல்வி பிரித்தாள்.

ஒன்பது பிரதிகள் ஊறிப்போயிருந்தன.

இப்போது யாருக்குப் பார்சல் வந்தாலும், பிளாஸ்டிக் சுற்றச் சொன்னார்களா என்று முதலில் கேட்கிறேன். ஆறு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னும் தர வேண்டியது அறுநூறு ரூபாய்.