பீமுக்குத் தெரியாத கட்டங்கள்

மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தபோது, கான்கிரீட் பீம் எந்தப் பாரத்தில் விரிசல் விட்டு உடையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. பீமைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வேன். கட்டங்களைப் பொடிசாக்கப் பொடிசாக்க, கணக்கில் அதே பீம் இன்னும் குறைந்த பாரத்தில் உடைந்தது. அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டேன்.

விரிசல் தெரிவதற்காக நிஜ பீமுக்கு வெள்ளையடித்து, உடைத்துப் பார்க்கும் என் கூட்டுக்காரன் அதைப் படித்துச் சிரித்தான்.

“ஏலே, நீ கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டது பீமுக்கு எப்பிடிடே தெரியும்?”

கோபத்தில் இரண்டு நாள் தனியாகச் சாயா குடித்தேன். மூன்றாம் நாள், எழுதியதைக் கிழித்தேன்.

இப்போது என் கணக்கை எல்லோரும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக் கையோடு வந்து சிரிக்கத்தான் ஆளில்லை.