இஸ்திரி கலையாத மாப்பிள்ளை

"வீட்டுச் செலவெல்லாம் யார் பாத்துக்கிறாங்கன்னு கேக்குறாங்க," என்றாள் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவள்.

நர்ஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸின் கணவர் முந்திக்கொண்டார்.

"நான்தான். வேற யாரு?"

அவள் அதை அந்த நாட்டு மொழியில் சொல்லி மேசைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். குடியிருப்பு அனுமதி அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. இந்தப் பக்கம் தமிழில் வருவதை அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் வருவதை இந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அறைக்குள் கேட்டதை வெளியே போய் மூச்சுவிடக் கூடாது. அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தாள்.

அதிகாரி ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பிசினஸ்."

"என்ன பிசினஸ்?"

"ஏற்றுமதி இறக்குமதி."

"எதை ஏத்துமதி பண்றீங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "இதுதான்னு இல்ல. எல்லாந்தான்."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"அதெல்லாம் பெரிய இடத்துல இருக்கு."

"ஏங்க..." என்று நர்ஸ் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"நீ சும்மா இரு. ஆம்பளைங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல?"

அவள் அதையும் விடாமல் மொழிபெயர்த்தாள். அதிகாரி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியாகக் குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எந்த ஆம்பளைங்கன்னு கேக்குறாங்க," என்றாள் அவள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். அவள் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் இறக்கினாள். "நீங்க இங்க வந்திருக்கிறது உங்க மனைவியோட வேலையை வெச்சு. இந்த அனுமதியில தொழில் நடத்த முடியாது. நடத்துறீங்கன்னா அது குத்தம், உங்க அனுமதி போயிடும். நடத்தலைன்னா, எனக்கு வருமானம் இல்லைன்னு உங்க வாயாலயே வந்து சொல்லணும். இது தீர்ற வரைக்கும் பொண்ணோட மனு நகராது."

"பொண்ணு எங்கேர்ந்து இதுல வந்தா?" என்றார் அவர்.

"பொண்ணுக்காகத்தாங்க வந்திருக்கோம்," என்றாள் நர்ஸ்.

பெண்ணுக்கு ஆறு வயது. நர்ஸின் அக்கா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். நர்ஸ் வேலைக்காக முதலில் தனியாக வந்தாள். அனுமதி கிடைத்ததும் கணவரை வரவழைத்தாள். வாடகைக்கு இரண்டு அறை வீடு பார்த்து, மகளை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். தாய் தகப்பன் இருவரையும் ஒருமுறை நேரில் விசாரித்துவிட்டால் முடிந்துபோகிற காரியம் அது. அதைத்தான் கணவர் ஏற்றுமதி செய்துவிட்டார்.

அன்று காலை காத்திருக்கும் கூடத்தில் நடந்ததையும் மொழிபெயர்ப்பவள் மறக்கவில்லை. அவர் தன்னுடைய குடியிருப்பு அட்டையை அவளிடம் நீட்டி, "பாப்பா, இங்க ஏதோ எழுதியிருக்கான், என்னன்னு பாரு," என்றார். அவளுக்கு வயது இருபத்தைந்து. பாப்பா என்று கூப்பிட்டதை விழுங்கிக்கொண்டு பார்த்தாள்.

"மனைவியைச் சார்ந்து இருப்பவர்னு போட்டிருக்கு."

"வேற மாதிரி எதுவும் அர்த்தம் வராதா?"

"வராதுங்க."

அதுவரை சட்டைப் பையில் முகம் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்த அட்டையை அவர் திருப்பி வைத்தார். பத்து நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் முளைத்த கம்பெனிதான் ஏற்றுமதி இறக்குமதி.

அந்த நகரத்தில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தது ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்துவர, நர்ஸோடு அவன்தான் தன் காரை எடுத்துக்கொண்டு போனான். நர்ஸ் ஒரு பெட்டியையும் டிரைவர் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு நடக்க, அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விளம்பரப் பலகைகளைப் படித்தபடி வந்தாராம். "என்னக்கா, மாப்பிள்ளை பெட்டியத் தொடமாட்டாரா? மாலை போட்டாத்தான் கை முன்னால வருமா?" என்று டிரைவர் கேட்டிருக்கிறான். அது அவர் காதில் விழுந்தது. கோபித்துக்கொள்ள வேண்டிய மனிதர், "பரவால்ல, மரியாதை தெரிஞ்ச பையன்," என்று மனைவியிடம் சொல்லிக் குளிர்ந்துபோனார். அன்றிலிருந்து அந்தப் பெயரே நின்றுவிட்டது.

இங்கே வருவதற்கு முன் அவர் செல்போன் கடை வைத்திருந்தார். கடையைவிடப் பெயர்ப்பலகை பெரியது. அதில் அவர் படமும் இருந்தது. கடையை மூடிய பிறகும் ஒரு வருடம் பலகையைக் கழற்றவிடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். அதை ஏதோ கணவர் வாங்கிய பரிசைச் சொல்வது போலச் சொன்னாள். இந்த அக்காவுக்குக் கோபம் என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே மறந்துவிட்டாரா என்று அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு அவ்வப்போது மொழிபெயர்ப்பு வேலை வரும். முதல் விசாரணைக்கு அடுத்த வாரம் அங்கே போனபோது, கீழ்த்தளத்துக் கூடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கண்ணாடிச் சுவர், தொட்டிச் செடிகள், தோல் சோபா என்று அந்த நகரத்திலேயே தோரணையான இடம் அதுதான். காலுக்கு மேல் கால். கத்தி வைத்து அறுத்த மாதிரி மடிப்பு நிற்கும் சட்டை. அவரை எப்போது பார்த்தாலும் சட்டை மட்டும் அப்படித்தான் இருக்கும். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமனாரிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்லதான் மாமா இருக்கேன். ஒரு மீட்டிங்குக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பேசுறேன்."

"பின்னால யாரையோ படுக்கவெச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்களே, மாப்ள?"

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் ஒன்று லிப்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இங்க எல்லா ஆபீஸ்லயும் உண்டு மாமா. ஸ்டாஃப் யாராவது களைச்சுப்போனா இப்படித்தான் கொண்டுபோவாங்க. அந்த அளவுக்கு வேலை வாங்குறான்."

"நம்ம பொண்ணு எப்படி இருக்கா?"

"அவளும் ஏதோ போயிட்டு வந்துக்கிட்டு இருக்கா."

அதே நேரம் மூன்றாவது மாடியில், ஏதோ போயிட்டு வந்துகொண்டிருந்தவள், எழுந்து நிற்கமுடியாத ஒரு கிழவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்க வந்தவள் மேலே போனபோது அதைப் பார்த்தாள். கீழே கேட்டதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நர்ஸ் சிரித்திருப்பாள்.

பிறகு வீட்டுச் சோதனை வந்தது. குழந்தைக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்று அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் நேரில் போய்ப் பார்ப்பார். அவளும் உடன் போனாள். நான்காவது மாடி. அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்த நர்ஸ் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். முதல் அறையில் ஜன்னல் கம்பியில் நான்கு வெள்ளை யூனிஃபார்ம்கள் தொங்கின. ஒவ்வொன்றின் கையிலும் ஒரே நேர்க்கோட்டில் மடிப்பு. பக்கத்தில் மாப்பிள்ளையின் சட்டைகள். ஆஸ்பத்திரியில் ஆளைத் தூக்கிவிட்டு வந்து இதையும் இந்த அக்கா நின்று தேய்க்கிறாளே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

இரண்டாவது அறையில் குழந்தையின் கட்டில் இருந்தது. மகள் வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நர்ஸ் கழற்றாமல் வைத்திருந்தாள். அதன்மேல் முழங்காலை மடக்கிக்கொண்டு மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரத்தது. சோதனைக்கு வந்தவர் கட்டிலின் நீளத்தை அளப்பதற்காக அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்தார்.

"யாரு இது? கஸ்டமரா?" என்று கேட்டபடி மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார்.

அவள் அதையும் மொழிபெயர்த்தாள். கொஞ்சம் சந்தோஷத்தோடுதான்.

இரண்டாவது விசாரணைக்கு வந்தபோது அவள் பாப்பாவிலிருந்து மேடமாக உயர்ந்திருந்தாள். நர்ஸ் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, மாப்பிள்ளை நடைபாதையில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சின்ன ஏற்பாடு. நான் உள்ள தமிழ்ல எதையாவது சொல்றேன். இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குதுன்னு வெச்சுக்குங்களேன். நீங்க அவங்க பாஷையில, இவருக்கு வருமானம் ஒண்ணும் இல்ல, மனைவி சம்பாத்தியம்தான்னு சொல்லிடுங்க. அவங்களுக்கும் வேலை முடிஞ்சுரும், எனக்கும் ஒண்ணும் குறைஞ்சுராது."

"நீங்க வெயிலைச் சொன்னா நானும் வெயிலைத்தான் சொல்வேன்."

"பக்கத்துல வீட்டுக்காரி உக்காந்திருப்பா, மேடம்."

"அக்காவுக்குத் தெரியாத விஷயமா?"

"தெரியும். நான் சொல்லி அவ கேட்டதில்லையே."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாமா என்று அவள் நினைத்தாள். அதற்குள் அவர் கண்ணாடிக் கதவில் தன் தலைமுடியைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டார். மன்னிப்பதைத் தள்ளிவைத்தாள்.

உள்ளே அதே மேசை, அதே அதிகாரி, அதே முதல் கேள்வி. மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னிக்கு வெயில்..." என்று தொடங்கினார்.

"இன்றைக்கு வெயில்," என்று அவள் அந்தப் பக்கம் சொன்னாள்.

அதிகாரி காத்திருந்தார். மாப்பிள்ளை அவளை ஒரு துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்போது நர்ஸ், யாரிடம் என்றில்லாமல், குனிந்த தலையோடு பேசினாள்.

"பிள்ளைக்குக் குளிருக்கு ஒரு கோட்டு வாங்கி வெச்சிருக்கேன். போன வருஷம் வாங்கினது. இந்த வருஷமும் வரலைன்னா அது பத்தாது."

அவள் அதையும் அந்தப் பக்கம் சொன்னாள். அதிகாரி பேனாவைத் தொடவில்லை. மாப்பிள்ளை கசப்பு மருந்தை மடக்கென்று குடிக்கிறவர் மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"எனக்குச் சம்பாத்தியம் ஒண்ணும் இல்ல. இவ சம்பாத்தியத்துலதான் சாப்பிடுறேன்."

நர்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாள். வேகமாகவும் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை.

"அப்போ அந்த ஏத்துமதி இறக்குமதி?"

"அது மனசுல இருக்கு. இன்னும் ஆரம்பிக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். மனைவி கேட்டுவிட்டதற்காக மாப்பிள்ளை செத்துவிடவில்லை. கழுத்துக்கூட நிமிர்ந்துதான் இருந்தது. ஒரு பெரிய தியாகத்தைச் செய்து முடித்த களை முகத்தில் வரத் தொடங்கியது. அதிகாரி கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. குழந்தை வந்தா வீட்டுல யார் பாத்துக்குவாங்க?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். இந்தத் தடவை நர்ஸ் முந்திக்கொண்டாள்.

"இவர்தான். வீட்டு வேலை எல்லாம் இவர்தான் பாக்குறாரு. நான் வர்றதுக்குள்ள சமைச்சு வெச்சிருவாரு. துணி துவைப்பாரு. என் யூனிஃபார்ம் எல்லாம் காலையிலயே தேய்ச்சு மாட்டிருவாரு. இங்க வந்த நாள்லேர்ந்து நான் இஸ்திரிப் பெட்டியத் தொட்டதே இல்ல."

அன்றுதான் முதல்முறையாக மொழிபெயர்ப்பில் அவளுக்கு ஒரு வாக்கியம் தடுக்கியது. ஜன்னல் கம்பியும் வெள்ளைக் கைகளும் நேர்க்கோடுகளும் கண்முன் வந்து போயின. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அதிகாரி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். முன்னால் ஒருமுறைகூட அவரைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. "ரொம்ப நல்லது. இது முக்கியம், விவரமா எழுதிக்கிறேன்," என்றார். வரிசையாக நாலு வரி எழுதினார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குழந்தை வந்துவிடலாம், கட்டிலில் அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள் என்றார்.

நர்ஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன் என்றபோது குனியாத கழுத்து, இஸ்திரிப் பெட்டி என்றதும் மளுக்கென்று தொங்கிவிட்டது. அந்த மனிதர் இந்த ஊருக்கு வந்து செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வெட்கப்பட அவருக்கு அதுதான் கிடைத்தது.

கையெழுத்துப் போட நர்ஸ் உள்ளேயே இருந்தாள். மற்ற இருவரும் வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி," என்றார். மேடம் போய்விட்டது. "இந்த ரூமுக்குள்ள கேட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு ஒரு சட்டம் இருக்குல்ல?"

"இருக்கு."

"மீறினா?"

"வேலை போயிடும்."

"நல்ல சட்டம்." மடிப்புக் கலையாத சட்டையை அவர் இன்னொரு முறை கையால் நீவிவிட்டுக்கொண்டார். "அந்தச் சட்டம் எங்க வீட்டுக்காரிக்கும் உண்டுன்னு அவ வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. கவர்மெண்ட் சொல்ற மாதிரி சொல்லுங்க. சம்பாத்தியத்தப் பத்திக்கூடப் பேசிட்டுப் போகட்டும், அந்த இஸ்திரிப் பெட்டி மட்டும் மாமா காதுக்குப் போயிடக் கூடாது."