குய்ஜி போட்டுத்தரும் பாதை

முதுகுப்பையோடு யார் வாசலில் வந்து நின்றாலும் லுவான் குய்ஜி முதலில் கேட்பது பெயரை அல்ல.

“குறட்டை விடுவீங்களா?”

இல்லை என்பவரை நம்ப மாட்டார். “தூங்குறவனுக்கு எப்படித் தெரியும்? கூட வந்தவங்க சொல்லட்டும்.”

குறட்டைக்காரர்களுக்கு அடுத்த மலையில், காது மந்தமான தேன்காரர் வீடு. புதுமணத் தம்பதிகளுக்கு ஆட்டுக்காரரின் தனிக்கதவு வைத்த அறை. சீனப் பெருஞ்சுவர் மேல் வாரக்கணக்கில் நடக்க வருகிறவர்கள், எந்த இரவை எந்தக் கூரையின்கீழ் கழிப்பது என்பதை சாயூ கிராமத்தில் இந்த அம்மாள்தான் முடிவு செய்கிறார். இடம் கேட்டு அழைக்கும்போது, எதிர்முனைக்காரர் மலைக்கு அப்பால் இருக்கிறாரே என்று, கைப்பேசியே தேவையில்லாத அளவுக்குக் கத்துவார்.

கூடாரம் என்ற பேச்சே ஆகாது. “காவல் கோபுரத்துல படுக்கப் போறியா தம்பி? அந்தக் காலத்துச் சிப்பாய்ங்களே அங்க படுத்துக்கிட்டு அம்மாவை நினைச்சு அழுதிருப்பாங்க. உனக்கென்ன தலையெழுத்து?”

எல்லாம் சரி, அவர் போட்டுத்தரும் பாதையில் மட்டும் ஒரு கோணல் இருந்தது. சுவர் ஹௌகோ கிராமத்தின் தலைக்கு மேலே நேராகப் போகிறது. குய்ஜி அனுப்புகிறவர்களோ அதற்கு முன்பே இறங்கி, ஓடையைச் சுற்றி, அரை நாளைத் தொலைத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். கேட்டால், “அங்க நாய்த் தொல்லை” என்பார். ஹௌகோவில் கடிக்கிற நாய் கிடையாது. ஓரகத்தி ஃபான் ஷூலான் இருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில், குய்ஜி பிடித்த கொழுக்கட்டையைக் கடித்துப் பார்த்து, “இந்தத் தோலுல செருப்பு தைக்கலாம்” என்று பந்தி நடுவே சொன்னவர். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

“உன் ரோஷத்துக்கு ஊரான் கால் தேயுது” என்பார் கணவர் யூஷான், வால்நட் உடைத்துக்கொண்டே.

போன இலையுதிர் காலத்தில் பனி முந்திக்கொண்டது. சோங்சிங்கிலிருந்து வந்திருந்த அக்கா தங்கை இருவர், திரும்பும் இடத்தைப் பனியில் தவறவிட்டு நேரே போய்விட்டார்கள். தங்கை அழைத்தாள்.

“பெரியம்மா, அக்கா காலு பிசகிடுச்சு. நடக்க முடியல. இடிஞ்ச கோபுரம் ஒண்ணுக்குப் பக்கத்துல நிக்கிறோம். கீழே ஏதோ ஊர் தெரியுது.”

எந்த ஊர் என்று குய்ஜிக்குத் தெரியும். கணவரைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காத. என் அண்ணி எனக்கு எப்பவும் அண்ணிதான். நீ பேசு.”

குய்ஜி ஷூலானின் எண்ணை அழுத்தினார்.

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“குரல் தெரியலையாக்கும்?”

“கேட்டு எத்தனை வருஷமாச்சு! மறந்துபோச்சு.”

அத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் குய்ஜியின் குரல் தணிந்தது. “அக்கா, சுவர் மேல ரெண்டு பொண்ணுங்க மாட்டிக்கிட்டு நிக்குது. ஒருத்திக்குக் கால் பிசகியிருக்கு. பனி கொட்டுது.”

எதிர்முனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “எந்தக் கோபுரம்? இடிஞ்சதா, முழுசா நிக்கிறதா?”

“இடிஞ்சது.”

“சரி, வை. எங்க வீட்டுக்காரரைக் கழுதையோட ஏறச் சொல்றேன்.”

இருட்டுவதற்குள் தங்கையின் குரல் வந்தது. அடியில் தணல் போட்ட செங்கல் மேடையில் அக்கா கால் நீட்டிப் படுத்திருக்கிறாள், இருவரும் தினைக்கஞ்சி குடித்தாயிற்று. “அந்தப் பெரியம்மா உங்களையேதான் விசாரிக்கிறாங்க.”

“என்னவாம்?”

“நீங்க இளைச்சுட்டீங்களான்னு.”

“என் உடம்பு அவளுக்கு எதுக்காம்?” என்று வெடுக்கென்று வைத்துவிட்டு, கழுவிய பானையையே திரும்பவும் கழுவினார் குய்ஜி.

இப்போது பாதை நேராகத்தான் போகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வசவு விழும். தேன்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் பேசி முடிப்பார். ஹௌகோவுக்கு என்றால் எழுந்திருப்பார். கதவோரக் கண்ணாடி முன் நின்று, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பிறகே எண்ணை அழுத்துவார்.