படகுக்குள் ஊற்றிய தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை, பகல் பத்து ஐம்பது. வண்ணாரப்பேட்டையில் செம்பு ஆணி வாங்கிக்கொண்டு எண்ணூர்க் கரைக்குத் திரும்புகிறேன். என் வீட்டுக்குள் நான்கு ஆட்கள் மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

வீடு என்றால்... பழைய பாய்ப்படகு. பூனை வளர்த்த குற்றத்துக்காக ராயபுரத்து வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார். சண்டைக்காலத்தில் சரக்கு ஏற்றிய இந்தப் படகை வாங்கி, கழிமுகக் கரையில் ஏற்றி வைத்து, பழுது பார்த்துக்கொண்டே பூனையோடு அதிலேயே குடியிருக்கிறேன்.

பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்துத் தருபவர் சந்தியாகு மேஸ்திரி. அடைத்து முடித்ததும் படகுக்குள் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார். வெளியே எங்கே கசிகிறதோ, அங்கே கரிக்கோடு. நல்ல வழக்கம்தான். ஆனால் புதன்கிழமை என்றல்லவா பேச்சு?

"யாரைக் கேட்டு ஊத்தினீங்க மேஸ்திரி?"

"இன்னா சார் கத்துறே? நாள மறுநாள் பௌர்ணமி. கடல் ஏறி வர்ற பெரிய தண்ணில படகத் தள்ளணும்னா இன்னிக்கே கசிவு பாக்க வாணாமா?"

"உள்ளே பூனை..."

"பூனை அதோ கருவாட்டாண்ட குந்திகினு கீது. அத்தப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன். நான் இன்னா கசாப்புக்காரனா?"

பூனை வெளியேதான் இருந்தது. அதன் மூன்று குட்டிகள்? படகின் முன்மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஒரு சாக்கு மூட்டையின் மேல்.

பாய்ந்து ஏறினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். தடுப்பை இழுத்தால் வரவில்லை — ஊறி இறுகிவிட்டது. உள்ளே மெல்லிய முனகல். ஒன்றா, மூன்றா?

திரும்பிப் பார்த்தால் மேஸ்திரியைக் காணோம். நழுவிவிட்டார் என்றே நினைத்தேன். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் திட்டினேன்.

கீழே 'டொக் டொக்' என்று சத்தம். நான்கு நாளாகத் தானே அடைத்த அடி இடுக்கில் உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தார் மனிதர். பஞ்சு பிய்ந்தது. தண்ணீர் பீறிட்டது.

மூன்றும் பிழைத்தன.

அப்புறமாவது வாயை மூடினேனா? "பௌர்ணமி போச்சே, இனி அமாவாசை வரைக்கும் கரையில கிடக்கணுமே" என்று அதற்கும் அவரையே பிடித்துக்கொண்டேன்.

அவர் பிய்ந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"குட்டி போட்டத என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியா சார்?"

சொல்லவில்லை. "பூனைய எறக்கினாத்தான் உளி எடுப்பேன்" என்று முதல் நாளே சொன்னவர் அவர். கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன். குட்டிகளும் என்றால் வேலையை விட்டுப் போய்விடுவாரே... அவர் கண்ணில் படக்கூடாது என்று, தாய்ப்பூனை நுழைய மேலே ஒரு சந்து மட்டும் விட்டு, அந்தத் தடுப்பை வைத்து இறுக்கியவனே நான்தான்.

நாமே ஒன்றை ஒளித்து வைப்பது. அது தெரியாமல் ஒருவர் மிதித்தால், கண் இல்லையா என்று பாய்வது. ஆபீஸில், ரயிலில், சொந்த வீட்டில் — எத்தனை பேருக்கு இது தினசரி வேலை?

சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி வந்ததற்காக மேஸ்திரி மேல் இன்னும் கோபம்தான். மீதிக் கோபத்தை எடுத்துக்கொள்ளத்தான், என்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.